கவிதைக்கு அர்த்தம் சொன்ன ஞாயிறு

எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் என்னை எழுந்து நிற்க வைத்து இங்கிலீஷ் பாட்டு ஒப்பிக்கச் சொல்வார்கள். பற்றிக்கொண்டு வரும். இன்றும் எந்த வீட்டிலாவது பிள்ளையை அப்படி நிறுத்தினால் நான் வெளியே போய்விடுவேன்.

அப்போது ஏழாவது படித்தேன். முகப்பேரில் இரண்டாவது மாடி ஃபிளாட். அப்பாவின் தங்கை எங்களோடு இருந்தாள். கொரட்டூரில் ரயில் ஏறி வேலைக்குப் போவாள். எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தது அவள்தான். அந்த வருடப் பாடத்தில் ஒரு பழைய காதல் கவிதை இருந்தது. பதினான்கு வரி. காதலிக்காகக் காலமெல்லாம் காத்திருப்பேன் என்கிறான் ஒருவன். அப்பாவுக்குக் காதல் என்ற சொல்லே ஆகாது. எங்கள் வீட்டில் அன்பு என்றால் இயேசுவின் அன்பு மட்டும்தான். "இது கர்த்தரப் பத்தின பாட்டு. அப்படியே எழுது" என்றுவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள். அப்பா ஏற்கெனவே பாதி வாக்குக் கொடுத்திருந்தார். அத்தையை யாரும் கேட்கவில்லை. கேக் தட்டு காலியானதும் வழக்கம்போல என்னை நிறுத்தினார்கள். அந்தக் கவிதையை ஒப்பித்தேன்.

"மனப்பாடம் சரி. அர்த்தம் தெரியுமா ராஜா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"கர்த்தரோட அன்பு," அப்பா முந்திக்கொண்டார்.

"இல்லப்பா. அத்த வேற மாரி சொல்லிக் குடுத்தாங்க. கொரட்டூர் ஸ்டேஷன்ல ஒருத்தரு தெனம் தன்னோட டிரெயின உட்டுட்டு, ஒரு பொண்ணு வர்ற வரைக்கும் நின்னுகினு இருப்பாராம். மழ பேஞ்சாலும். நெத்தி விபூதி கரைஞ்சி மூக்குல ஒழுகுமாம். அந்த மாரி அன்புன்னாங்க."

விபூதி என்றதும் அந்த அம்மா டீ கப்பைக் கீழே வைத்தார். அத்தையைப் பார்த்து, "யாரும்மா அவரு?" என்றார்.

சும்மா ஓர் உதாரணம் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

"நல்லவருங்க," என்றாள் அத்தை.

வந்தவர்கள் உடனே கிளம்பிவிட்டார்கள். கதவைச் சாத்திவிட்டு, "படிக்க வெச்சா குடும்பத்துக்கே வேட்டு வெக்கிறியா, நாயே" என்று அப்பா என்னை அடித்தார். அத்தை நடுவில் வந்து நின்றாள். பாதி அடி அவள் மேல் விழுந்தது. அழவில்லை. என் முதுகைத் தடவி, "நல்லா சொன்னடா" என்றாள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னதற்கு அடியா? அப்பாவோடு பல நாள் பேசவில்லை. எந்தப் பரீட்சையும் இல்லாத அந்த ஞாயிறு காலையில், சர்ச்சுக்குக் கிளம்புவதற்கு முன், அத்தை என்னைத் தனியே உட்காரவைத்து, அந்த அர்த்தத்தை விபூதி உட்பட ஒரு வார்த்தை விடாமல் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தது எதற்கு என்று மட்டும் நான் யோசிக்கவே இல்லை.