மேலாளருக்கு வந்த அக்கி

கையில் வேப்பிலைக் கொத்தோடு தி.நகர் அலுவலகத்துப் படியேறிய காலையை நினைத்தால் இன்னும் தோல் அரிக்கிறது. எனக்குச் சின்னம்மை. முதல் நாள் தொலைபேசியில் விடுப்புக் கேட்டபோது, "அம்மையா? நேர்ல வந்து காட்டு" என்றிருந்தார் மேலாளர். என்னைப் பார்த்ததும் காவலாளி சுவரோடு ஒட்டிக்கொண்டார். "இன்னா சார், ஆத்தாளையே கூட்டிக்கினு வந்துட்ட!"

ஏற்கெனவே சுமாரான முகம் என்னுடையது. கொப்புளங்கள் கொஞ்சம் களை சேர்த்திருந்தன. கதவு மூடிய ஏ.சி. அறையில் மேலாளரின் முகத்தருகே குனிந்து, மூச்சு விட்டு மூச்சு விட்டு நிலைமையை விளக்கினேன். இவருக்கும் ஒட்டட்டும் என்பதே என் பிரார்த்தனை. வாரக்கணக்கில் காத்திருந்தேன். மனிதர் தும்மக்கூட இல்லை. எனக்குத்தான் வந்தது, வருகை ஒழுங்கில்லை என்று பணி நிரந்தரத்தை ஒரு வருடம் தள்ளிவைத்த உத்தரவு. அன்று பிறந்த வன்மத்தைச் சோறூட்டி வளர்த்தேன்.

ஏன் ஒட்டவில்லை என்ற ஆத்திரத்தில்தான் வைரஸ் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். மேலாளரின் வாழ்க்கை வரலாறு மாதிரியே இருந்தது. வைரஸால் தனியாக ஒரு துரும்பையும் நகர்த்த முடியாது. உறைக்குள் சுருட்டிய கட்டளைகள்தான் அதன் சொத்து. நம் செல்லுக்குள் நுழைந்து அவற்றை நீட்டும். செல்லும் தன் வேலையைப் போட்டுவிட்டு, தன் சரக்கையே எடுத்து அதன் பிரதிகளைச் செய்து தள்ளும். பிரதிகள் வெளியேறி அடுத்த செல்லைப் பிடிக்கும். அறிக்கை எழுதியது நாங்கள், கையெழுத்து அவருடையது என்பதைப் போல. அம்மை ஆறினாலும் அந்த வைரஸ் போய்விடுவதில்லை. நரம்பின் வேரில் பிரதியெடுக்காமல் படுத்திருந்து, வயதாகி உடம்பின் காவல் தளர்ந்ததும் அக்கியாக எழும்.

போன மாதம் மயிலாப்பூரிலிருந்து அழைத்தார், ஓய்வுபெற்ற மேலாளர். இடுப்பைச் சுற்றி அக்கி. சட்டை பட்டாலே உயிர் போகிறதாம்.

"உன்கிட்டேர்ந்துதான்டா ஒட்டிண்டது! மூஞ்சிக்கு நேரா ஊதினியே!"

"சின்ன வயசுல உங்களுக்கு அம்மை வந்திருக்கா சார்?"

"ஸ்கூல் சேர்றதுக்கு முன்னாடியே வந்தாச்சு. அதுக்கும் இதுக்கும் என்ன?"

சம்பந்தம் அதுதான். ஒருமுறை அம்மை வந்தவருக்கு அது மறுபடி ஒட்டுவது அபூர்வம்; அன்று என் மூச்சு பலிக்காததும் அதனால்தான். அது அவருடைய சொந்த வைரஸ். என் மூச்சுக்கு இதில் துளிப் பங்கும் இல்லை. சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் இத்தனை வருடம் ஏங்கிய பெருமை தானாக வீடு தேடி வந்திருக்கிறது. திருப்பி அனுப்ப நான் என்ன மகானா?

"ஆமா சார், நான்தான் கொடுத்தேன்" என்றேன். "எரிச்சல் ரொம்ப இருக்கா?"