சரமப் பக்கத்தில் சித்தப்பா

சூடான இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் அச்சு மை இளகி எழும்பும் மணத்துக்கு ஈடான வாசனைத் திரவியம் எதுவும் இந்தச் சுவிஸ் கடைகளில் கிடையாது என்று நான் அடித்துச் சொல்வேன். ஃப்ரிபூர்க்கில் எங்களுக்குக் கீழ்மாடியில் குடியிருந்த ஏலியாம்மா ஆன்ட்டி கேரளத்திலிருந்து வந்த நர்ஸ். ஊரில் பேப்பர் ஏஜென்டாக இருந்த அவருடைய தம்பி மலையாளப் பத்திரிகைகளைக் குழல் மாதிரி இறுகச் சுருட்டித் தபாலில் அனுப்புவார். ஆன்ட்டி கட்டைப் பிரித்து, சுருள் நிமிரட்டும் என்று ஒவ்வொரு தாளாக இஸ்திரி போடுவார். செய்தி பழசாக இருக்கலாம், தாள் விறைப்பாக இருக்க வேண்டும். மதுரையில் படித்தவர் என்பதால் எங்களோடு தமிழில்தான் பேசுவார், ஆனால் பத்திரிகை என்று வந்துவிட்டால் பெருமை மட்டும் சுத்த மலையாளம்.

"உங்க சுவிஸ்காரங்கதான் இதை ஆரம்பிச்சு வச்சாங்க, தெரியுமா?" என்று என்னைச் சீண்டுவார். பாசல் நகரத்து மிஷன் அனுப்பிய பாதிரிமார் தலைச்சேரியில் கல்லச்சில் அடித்த தாள்தான் மலையாளத்தின் முதல் பத்திரிகை என்பது உண்மையே. அவர்கள் வேதம் பரப்பத் தொடங்கியதை மலையாளிகள் பிடித்துக்கொண்டு, சாதிக் கொடுமையைக் கேட்கவும், கட்சி வளர்க்கவும், பிறகு மாவட்டத்துக்கு ஒரு பதிப்புப் போட்டு உள்ளூர்ச் சந்தை விலை சொல்லவும் பழக்கிவிட்டார்கள். வாசிக்கத் தெரியாதவர் தேநீர்க்கடைக்குப் போனால் போதும், ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் கேட்டுச் சண்டை பிடிப்பார்கள். "பேப்பர் இல்லாம எங்க ஊர்ல டீ தொண்டையில இறங்காது" என்பார் ஆன்ட்டி.

அவர் முதலில் திறப்பது "சரமம்" என்ற பக்கத்தை. அது இறந்தவர்களின் பக்கம். தோட்ட முதலாளிக்கும் மரமேறிக்கும் ஒரே அளவில் படம், கீழே ஊர், வயது, பிள்ளைகள், சகோதரர், வெளிநாட்டில் இருப்பவர் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் நாடு. உயிரோடிருப்பவர் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று அறியத்தான் மலையாளிகள் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள் என்பது என் தீர்மானம்.

அப்பா அந்தத் தாள்களைப் பொறாமையோடு பார்ப்பார். மன்னாரிலிருந்து வள்ளமேறித் தப்பிய அவருடைய ஒரே தம்பி, சேவியர் சித்தப்பா, தமிழ்நாட்டு அகதி முகாமை விட்டுக் கேரளத்தில் ரப்பர் வெட்டப் போனதாகக் கடைசித் தகவல். அதன்பிறகு ஒரு பேச்சுமூச்சில்லை. அப்பாவிடம் இருந்த "பெர்மி", அகதிகளுக்குக் கொடுக்கும் தற்காலிக அனுமதி அட்டை, நாட்டை விட்டு வெளியே போக விடாதது, அதனால் தேடிப் போகவும் வழியில்லை. "ரப்பர்னா எங்க பக்கம்தான் அண்ணே, பேப்பர்ல போட்டா ஆள் தானா வருவான்" என்று ஆன்ட்டி சித்தப்பாவின் படத்தை வாங்கி, தானே மலையாளத்தில் அறிவித்தல் எழுதித் தம்பிக்கு அனுப்பினார்.

வருடக்கணக்காகச் சரமப் பக்கம் படித்தவரின் கைக்கு வேறெப்படி எழுத வரும்? பெயர் சேவியர், ஊர் மன்னார், வயது, சகோதரன் ராயப்பு, அடைப்புக்குறிக்குள் ஸ்விட்சர்லாந்து. காணவில்லை என்பதைக் கடைசி வரியில் வைத்திருந்தார். பத்திரிகையில் யாரோ இடம் போதாமல் அந்த வரியை வெட்டி, மீதியை அதற்குப் பொருத்தமாகத் தோன்றிய பக்கத்தில் போட்டுவிட்டார்கள்.

அந்தக் கட்டு வந்த மாலை ஆன்ட்டி இஸ்திரி போடாத தாளோடு மேலே ஓடி வந்தார். இறந்தவர்கள் நடுவில் சித்தப்பா. "தப்பாப் போட்டுட்டாங்க" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டு சொல்லியும் அப்பா ஏற்கவில்லை. "அச்சிலை ஏறினது பொய்க்காது. விசாரிக்காமலோ போட்டிருப்பினம்?" என்றார். அம்மா மெழுகுதிரி கொளுத்திச் செபமாலையைத் தொடங்கினார். எனக்குச் சித்தப்பாவின் முகமே தெரியாது, ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பயந்து அழுதேன்.

ஆன்ட்டி உடனே தம்பிக்குத் தொலைபேசி எடுத்தார். அவரோ, கடிதம் போட்டேனே, இன்னும் வரவில்லையா என்று நிதானமாகக் கேட்டாராம். பத்திரிகை வெளியான காலையே மலையடிவாரத்துத் தேநீர்க்கடை ஒன்றில் ஒருவர் "மன்னார்" என்று உரக்க வாசிக்க, மலையாளம் படிக்கத் தெரியாத, தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த ஒரு தமிழர் எட்டிப் பார்த்துத் தன் முகத்தையே கண்டிருக்கிறார். கடை முதலாளியைக் கூட்டிக்கொண்டு, அறிவித்தல் கொடுத்தது யாரென்று பத்திரிகை அலுவலகத்தில் விசாரித்து, ஏஜென்ட் வீட்டு வாசலில் போய், என்னைக் கொன்றவன் யார் என்று நின்றாராம். காணாமற்போனவர் பகுதியில் வந்திருந்தால் கண்டுகொள்ள ஆளிருந்திராது. சாவுப் பக்கத்தை விடுவார்களா?

அப்பா அதையும் நம்பவில்லை, குரலைக் கேட்க வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், சித்தப்பாவை வரச்சொல்லியிருந்த ஏஜென்ட் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார்கள். அப்பா ரிசீவரைக் காதில் வைத்தார். மறுமுனைக் குரல் எங்களுக்கும் கேட்டது.

"அண்ணை, நான் சேவியர். என்னை ஏன் சாக்காட்டினனீங்கள்?"

"இன்னும் பத்துத் தரம் சாக்காட்டுவனடா. நீ கதை, கதைச்சுக்கொண்டிரு" என்று சொல்லி அப்பா நிலத்தில் உட்கார்ந்து அழுதார்.

சித்தப்பா அங்கேயே கலியாணம் கட்டி, சொந்தக் கடை போட்டு நன்றாக இருக்கிறார். ஏலியாம்மா ஆன்ட்டிக்கு இப்போது கட்டு வருவதில்லை. சரமப் பக்கம் உட்பட எல்லாம் அன்றன்றே கைத்தொலைபேசியில் வந்துவிடுகிறது. அண்மையில் சித்தப்பாவோடு கதைத்தபோது, கடையில் இன்னும் பேப்பர் வாசிக்கிறார்களா என்று கேட்டேன். "பேப்பர் கிடக்குது பிள்ளை. எல்லாரும் போனைப் பாத்துக்கொண்டு சத்தமில்லாமல் குடிச்சிட்டுப் போகினம்" என்றார். எங்கள் சனத்தில் காணாமற்போன தம்பிமாருக்குக் குறைவில்லை. அவர்களில் ஒருவரின் படம் இந்த நேரம் ஏதோவொரு கடையில், யாரோ ஒருவன் கையிலுள்ள போனில் வந்திருக்கலாம். அவன் அதை விரலால் தள்ளிவிட்டு, தேநீர் கொண்டுவந்து வைத்த அதே முகத்துக்காரரிடம், நிமிர்ந்து பாராமல், இன்னும் கொஞ்சம் சீனி கேட்பான்.