சோஹாரில் ஒரு குடுவை அறை

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் ஓமான் நாட்டின் சோஹாரில் ஒரு கால்நடை மருத்துவமனையில் லேப் டெக்னீஷியனாக இருந்தேன். எங்கள் டாக்டர் சூடான்காரர். பின்பக்க அறையில் சொந்தமாக ஓர் அருங்காட்சியகம் வைத்திருந்தார். செத்த விலங்குகளின் இனப்பெருக்க உறுப்புகள் மட்டும்தான் அதில். ஒட்டகத்தின் ஆணுறுப்பு, ஆட்டின் கருப்பை, பாதி உருவான முட்டையோடு கோழியின் கருக்குழாய், கரையில் ஒதுங்கிய டால்பினுடையது என்று எல்லாம் ஃபார்மலினில் மிதக்கும். ஒவ்வொன்றையும் பற்றி ஜனங்கள் என்ன நம்புகிறார்கள் என்பதைக் கேட்டு, எழுதி, குடுவையில் ஒட்டியிருப்பார்.

முதல் மாதம் தலையைத் தூக்காமல்தான் அங்கே தூசி தட்டினேன். பிறகு கூச்சம் போய்விட்டது. தொழிலாளர் கேம்ப்பிலிருந்து தமிழ் ஆட்களும் பார்க்க வந்ததால், தமிழில் எழுதி ஒட்டும் வேலை எனக்கு வந்தது.

ஒரு வியாழக்கிழமை மதியம் தீவன லாரி ஓட்டும் ஒருவர் வந்தார். ராமநாதபுரம் பக்கத்துக்காரர். நான் தமிழ் பேசும் பெண் என்று தெரிந்ததும் கூச்சப்பட்டுத் திரும்பிப் போகப் பார்த்தார். டாக்டர் விடவில்லை. என்ன வேண்டுமென்று என்னைக் கேட்கச் சொன்னார்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, “கல்யாணமாகி ஒம்பது வருசங்க்கா, புள்ள இல்ல. ரூம்ல ஒரு பாய் சொன்னாரு, ஒட்டகத்தோட... அத காயவச்சுத் திங்கணுமாம். இங்க இருக்கும்னாரு” என்றார்.

அதை ஆங்கிலத்தில் டாக்டருக்குச் சொல்வதற்குள் எனக்குக் காதெல்லாம் சுட்டது. டாக்டர் சிரிக்கவில்லை. அவரை அறைக்குள் அழைத்துப்போய் ஒட்டகக் குடுவைக்கு முன்னால் நிறுத்தினார். நான் எழுதியதை நானே வாசித்துக் காட்டினேன்: “காயவைத்துத் தின்றால் பிள்ளை பிறக்கும் என்பார்கள். தின்றவருக்கு வயிற்றுப்போக்குதான் வந்தது.”

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

டாக்டர் கேட்கச் சொன்னதைக் கேட்டேன். “டெஸ்ட் எடுத்தாச்சா?”

“அவளுக்கு மூணு தடவ எடுத்தாச்சுக்கா.”

“உங்களுக்கு?”

“எனக்கு எதுக்கு?”

டாக்டர் தனக்குத் தெரிந்த ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். இரண்டு வாரம் கழித்து லாரிக்காரர் ரிப்போர்ட்டோடு வந்தார். பிரிக்காமல் என்னிடம் நீட்டினார். வாசித்தேன். குறை அவரிடம்தான். எப்படிச் சொல்வதென்று நான் தடுமாறியதிலேயே புரிந்துகொண்டார். ஊருக்கு ஒரு போன் பேசலாமா என்று கேட்டார். டாக்டர் தன் மேசை போனை நகர்த்தி வைத்தார்.

“நாந்தேன். ஒம்மேல கொறையில்லத்தா. எனக்குத்தேன். ஆத்தாகிட்ட நானே சொல்லிக்கிறேன். இனிமே ஒன்னய யாரும் ஒரு வார்த்த பேசக் கூடாது.”

மறுமுனையில் அழுகிற சத்தம் எனக்கே கேட்டது. நானும் டாக்டரும் வெளியே வந்து, ஆட்டுப் பட்டிக்குப் பக்கத்தில் வெயிலிலேயே நின்றோம்.

அடுத்த வருடம் விசிட் விசாவில் அவர் மனைவி வந்தார். குடுவைகளைப் பார்த்தே ஆகவேண்டும் என்றாராம். ஒவ்வொன்றாக நிதானமாகப் பார்த்தார். டால்பின் முன்னால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, “இதையுமா திம்பாங்கெ?” என்றார். நாங்கள் இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அப்படிச் சிரித்த நாட்கள் அதற்குப் பிறகு எனக்கு அதிகமில்லை.

டாக்டர் ஊர் திரும்பியபோது குடுவைகளை ஒரு கல்லூரி எடுத்துக்கொண்டது. நானும் ஊர் வந்து சேர்ந்தேன். அந்தத் தம்பதிக்குச் சிகிச்சை பலிக்கவில்லை. முறைப்படி ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்தார்கள். செய்தியை எனக்குச் சொன்னது அந்த மனைவிதான். போனில் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. “பெறகு பேசுறேங்க்கா, இவ விட மாட்டேங்குறா” என்று வைத்துவிட்டார்.