மேனேஜர் உட்காராத நாற்காலி

புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில், லாரி எடை பார்க்கும் அறையில் எனக்குக் கணக்கெழுதும் கிராணி வேலை கிடைத்தபோது முழங்கால் தேய்ந்து போயிருந்தது. அதற்கு முன் ரப்பர் பால் வெட்டினேன், செம்பனைக் குலை அறுத்தேன், லாரியில் உதவியாளாகப் போனேன். எந்தத் தோட்டத்திலும் நிலைத்ததில்லை. பள்ளிக்கூடத்தையும் பாதியில் விட்டவன். எண்களைத் தட்டத் தெரிந்தால் போதும் என்றார்கள். லாரி எடை மேடையில் ஏறியதும் ஜன்னல் வழியாக நம்பரைப் பார்த்து, எடையோடு சேர்த்துக் கணினியில் பதிய வேண்டும். இந்த வேலையும் போனால், என் காலை வைத்துக்கொண்டு வேறு எதற்கும் போக முடியாது.

அறையில் ஒரு மர ஸ்டூல் இருந்தது. சக்கரம் வைத்த புது நாற்காலி ஒன்றும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் நின்றது. அது மேனேஜருக்கு என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை. தோட்டத்து ஆட்கள் துரையின் நாற்காலியைத் துடைப்பார்கள், உட்கார மாட்டார்கள். நானும் தினமும் துடைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

ஸ்டூலில் உட்கார்ந்தால் மேசை உயரமாக இருந்தது. தோளைத் தூக்கியபடியே தட்டினேன். ஜன்னல் இடப்பக்கம், திரை வலப்பக்கம்; கழுத்து நாள் முழுக்க இரண்டுக்கும் நடுவே திரும்பியது. சில மாதங்களில் வலது கை விரல்கள் மரத்துப் போயின. தெரிந்த லாரி டிரைவர் ஒருவரிடம் மட்டும் சொன்னேன்.

"ஏர்கோண்டு ரூம்ல உக்காந்துக்கிட்டு கை வலிக்குதாம்லா! வாங்க கிராணியாரே, மாத்திக்குவோம். நீங்க குலை ஏத்துங்க, நான் பட்டனைத் தட்டுறேன்."

அதற்குப் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. மரத்த விரலுக்குத் தட்டியது தெரியாமல், ஒரே எண் இரண்டு முறை விழ ஆரம்பித்தது. மேனேஜர் கூப்பிட்டார். இன்னொரு தடவை எடை தப்பினால் வெளிவேலைக்கு அனுப்பிவிடுவேன் என்றார்.

போர்டிக்சன் மருத்துவமனைக்குப் போனேன். கைப்பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் அனுப்பினார்கள். தமிழ்ப் பெண்தான்.

"எதுல உக்காந்து வேலை செய்றீங்க அங்கிள்?"

"ஸ்டூல்ல."

"சாயிற நாற்காலி இல்லையா?"

"இருக்கும்மா. அது மேனேஜரோடது."

"அவரு எப்ப வந்து உக்காருவாரு?"

யோசித்துப் பார்த்தேன். "இன்னும் உக்காரலை. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கலை."

சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "முதல்ல அந்த பிளாஸ்டிக்கைப் பிரிங்க அங்கிள். இப்படியே விட்டா கைக்கு ஆபரேஷன்தான்லா."

முழங்கை மேசை மட்டத்துக்கு வரவேண்டும், பாதம் எதிலாவது பதியவேண்டும், திரை முகத்துக்கு நேரே இருக்கவேண்டும், அடிக்கடி எழுந்து நடக்கவேண்டும் என்றாள்.

மறுநாள் உறையைப் பிரித்தேன். நாற்காலியை மேசை மட்டத்துக்கு உயர்த்தியதில் கால் தொங்கியது. கீழே ஒரு பலகையைப் போட்டேன். மேசையை ஜன்னல் பக்கம் திருப்பி, திரையைக் காகிதப் பெட்டிமேல் ஏற்றினேன். அந்த டிரைவர் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "துரைக்கு வணக்கம்!" என்று சலாம் வைத்தார். எனக்குப் பயம் அவரிடம் இல்லை, மேனேஜரிடம்தான்.

மேனேஜர் சொல்லாமல் வந்தார். நான் எழுந்த வேகத்தில் நாற்காலி உருண்டு போய்ச் சுவரில் இடித்தது. அவர் நாற்காலியைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார்.

"டுடோக், டுடோக்," என்று கையால் உட்காரச் சொல்லிவிட்டு, நின்றபடியே அன்றைய எடைகளைப் பார்த்தார். தப்பு இல்லை. போய்விட்டார்.

காலையில் விரல் இன்னும் கொஞ்சம் மரக்கிறது. வேலை இருக்கிறது. அவர் கார் சத்தம் கேட்டால் இன்றைக்கும் எழுந்துவிடுகிறேன். அடிக்கடி எழுந்திருக்கத்தானே அந்தப் பெண்ணும் சொன்னாள்.