லோணாவளாவில் அணையாத போர்டு

பேட்டரிப் பெட்டியைத் திறந்ததும் முகத்தில் அடித்த அந்தச் சூடு இன்னும் நினைவிருக்கிறது. இரண்டாயிரங்களின் தொடக்கம்... ஜூன் மாத மதியம். லோணாவளா அருகே மும்பை-புனே எக்ஸ்பிரஸ்வே ஓரம். தலைக்கு மேலே, எங்கள் கம்பெனி செய்த முதல் எலக்ட்ரானிக் அறிவிப்பு போர்டு, மெதுவாகப் போகச் சொல்லி மின்னிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு டெஸ்ட். மெயின் கரண்ட் போனாலும் பேட்டரியிலேயே இரண்டு மணி நேரம் எரிய வேண்டும். எரிந்தால் மீதி போர்டுகளுக்கான ஆர்டரும் எங்களுக்கே. எத்தனை பேட்டரி என்று கணக்குப் போட்டவள் நான்... வேலைக்குச் சேர்ந்து ஆறே மாதம்.

எக்ஸ்பிரஸ்வே அதிகாரி குல்கர்னி சார் தன் கையாலேயே சுவிட்சை அணைத்தார். போர்டு சிமிட்டக்கூட இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை!

ஒரு மணி நேரம்தான். வோல்ட்மீட்டர் மளமளவென்று இறங்கியது. அப்போதுதான் உறைத்தது... போசரியில் எங்கள் கம்பெனி ஷெட்டுக்குள் வைத்தல்லவா டெஸ்ட் செய்தோம்! வெயிலில் எழுத்து தெரிவதற்காக போர்டு தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளும். நிழலில் பாதி கரண்ட் சாப்பிட்டது, இங்கே முழுச் சாப்பாடு.

டெக்னீஷியன் சலீம் அண்ணன், மேலப்பாளையத்துக்காரர், காதருகே வந்தார்.

"வெளிச்சத்தப் பாக்குத சென்சார் மேல என் தொப்பியப் போட்டுரட்டாம்மா? போர்டு மங்கிரும், பேட்டரி தாங்கிரும்."

"வேண்டாம்ணே... மாட்டுனா மானம் போயிரும்."

சொன்னேனே தவிர, அந்தத் தொப்பி மேல் எனக்கும் ஆசைதான்.

பத்து நிமிடம் இருக்கும். மலைப்பக்கமிருந்து கருமேகம்... சடசடவென்று அந்த வருஷத்தின் முதல் மழை! வானம் இருட்ட, போர்டு தானாக மங்கியது. மீட்டர் இறங்குவதை நிறுத்தியது. இரண்டு மணி நேரமும் தாண்டிவிட்டது!

குல்கர்னி சார் பேனாவை எடுத்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. வெயிலில் தாங்காது, இன்னும் நாலு பேட்டரி வேண்டும் என்று ஹிந்தியில் உளறிக் கொட்டினேன்.

"மாலூம் ஹை பேட்டீ," தெரியும் மகளே என்று சிரித்தார். மனிதர் இவ்வளவு நேரமும் அந்த மீட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்! நாலு பேட்டரி கூடுதலாக வைக்கச் சொல்லி எழுதிக் கையெழுத்துப் போட்டார். மழையில் நாங்கள் போட்ட ஆட்டத்தைப் பார்த்து லாரிக்காரர்கள் ஹார்ன் அடித்தார்கள்.

இப்போது புனே மகர்பட்டா வீட்டில் கரண்ட் போவதே தெரிவதில்லை. இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்கிறது, யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. நேற்று கரண்ட் போயும் ஃபேன் நிற்காமல் சுற்றியதும் என்னையறியாமல் கைதட்டிவிட்டேன்.

"என்னம்மா ஆச்சு?" என்றாள் மகள்.

"ஒண்ணும் ஆகலடி... அதுக்குத்தான்!"