வெள்ளைச்சாமி போகாத கார்கில்

கோட்டூர்புரத்தில் எங்கள் இஸ்திரி வண்டிக்கு எதிர் அடுக்குமாடியில் வாட்ச்மேன் வெள்ளைச்சாமி. மீசையைப் பார்த்தாலே மிலிட்டரி என்று தெரியும். எந்தச் சண்டை என்பதைச் அடுக்குமாடிச் சங்கச் செயலாளர் ராஜகோபாலன் சாரே முடிவு செய்துவிட்டார். ஆறு வருஷமாக ஆகஸ்ட் பதினைந்தானால் 'கார்கில் வீரர்' என்று ஃப்ளெக்ஸ், சால்வை. கூடவே லண்டன் கதை: அங்கே நவம்பரில் போரில் செத்த சிப்பாய்களுக்காக ஆளுக்கொரு சிவப்புக் காகிதப் பூ குத்திக்கொண்டு இரண்டு நிமிஷம் பேசாமல் நிற்பார்களாம். அதைச் சொல்ல சார் இருபது நிமிஷம் பேசுவார்.

வெள்ளைச்சாமி மறுத்ததே இல்லை. கார்கில் நடந்தபோது அவர் பட்டாளத்திலிருந்து வந்து, தி.நகர் ஜவுளிக்கடை வாசலில் பை சோதித்துக்கொண்டிருந்தார். எனக்கே போன மாதம்தான் தெரியும். எனக்குத் தெரிந்தால் தெருவுக்கே தெரியும் என்று அவருக்குத் தெரியும்.

மூன்றாவது மாடி ஷண்முகப்ரியா துணி வாங்க வந்தபோது, ஆபீஸ் வேலையாகக் கொழும்பு போவதாகச் சொன்னாள். வெள்ளைச்சாமி கேட்டைவிட்டு எழுந்து வந்தார். இலங்கைக்கு அனுப்பிய அமைதிப்படையில் செத்த நம் சிப்பாய்களுக்கு அந்த ஊரில் நினைவிடம் கட்டி, பெயர்களை வெட்டி வைத்திருக்கிறார்களாம். அதில் சின்னப்பையன் என்கிற தன் கூட்டாளி பெயர் இருக்கிறதா என்று பார்த்துவரச் சொன்னார். யாழ்ப்பாணத்தில் அவர் பக்கத்திலேயே விழுந்தவன். உடம்பு ஊருக்கு வரவில்லை. அவன் மனைவி பொன்மணி இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறாளாம்.

"இன்னா மிலிட்டரி, நம்ம ஆளுங்க கூடவா சண்ட போட்ட?" என்றாள் என் சம்சாரம் பாஞ்சாலி.

"அனுப்புனாங்க, போனோம். கப்பல்ல வந்து இதே மெட்ராஸ்ல எறங்குனப்ப எங்களை யாரும் ஏன்னு கேக்கல. கார்கில்னா கை தட்டுறாங்க. இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன்."

பாஞ்சாலி பெட்டிக்குக் கரி போட்டாள்.

அன்று சாயங்காலத்துக்குள் விஷயம் ராஜகோபாலன் சார் காதுக்குப் போய்விட்டது. யார் மூலம் என்று கேட்காதீர்கள். அவர் இறங்கி வந்து மெதுவாகச் சொன்னார்:

"அந்தச் சண்டைன்னா யாராவது ஏதாவது சொல்லுவா, வெள்ளைச்சாமி. கார்கிலே இருக்கட்டுமே."

"அப்ப இந்த வருஷம் எனக்கு எதுவும் வேணாம் சார்."

ஆகஸ்ட் பதினைந்தன்று சால்வையைப் பிளம்பர் கலீமுல்லாவுக்குப் போர்த்தினார்கள். லண்டன் கதை ஓடிக்கொண்டிருந்தபோது கொழும்பிலிருந்து ஷண்முகப்ரியா வெள்ளைச்சாமி போனுக்குப் போட்டோ அனுப்பினாள். வரிசை வரிசையாக இங்கிலீஷ் பெயர்கள், பக்கத்தில் நம்பர்கள். ஒன்றைச் சுற்றி வட்டம் போட்டிருந்தாள். படிக்க எனக்கும் வராது, அவருக்கும் அரைகுறை. விரலால் பெரிதாக்கி, ஒரு தாளில் எழுதி வைத்திருந்த சின்னப்பையனின் ராணுவ நம்பரோடு ஒவ்வொரு இலக்கமாக ஒத்துப் பார்த்தார். இரண்டு தடவை பார்த்தார்.

பிறகு பொன்மணிக்கு போன் போட்டார்.

"இருக்கான் தங்கச்சி. நம்பரோட இருக்கான்."

அந்தப் பக்கம் அவள் என்ன சொன்னாளோ, வெகுநேரம் போனைக் காதிலேயே வைத்திருந்தார். வெளியே ஒரு கார் ஹாரன் அடித்தது. நான் போய் கேட்டைத் திறந்துவிட்டேன்.