சீட்டுக்குப் பின்னால் ஒரு சப்வூஃபர்

நான் தனியார் பஸ் ஓட்டியவன். சங்கரன்கோவிலில் இருந்து ராஜபாளையம், அங்கிருந்து திரும்ப சங்கரன்கோவில் என்று நாளெல்லாம் ஒரே ரோடு. ரோடு சலித்ததே தவிர, பாட்டு சலித்ததில்லை. எங்கள் பஸ்ஸில் தலைக்கு மேலே வரிசையாக ஸ்பீக்கர்கள், கடைசி சீட்டுக்கு அடியில் தாளத்தை மட்டும் அதிர அடிக்கிற பெரிய சப்வூஃபர். முன்னால் வந்த பஸ்ஸை விட்டுவிட்டு எங்கள் பஸ்ஸுக்காகக் காத்து நின்ற காலேஜ் பிள்ளைகள் உண்டு. ஓட்டுகிறவன் மூஞ்சியைப் பார்க்க அவர்கள் நிற்கவில்லை என்பது எனக்கும் தெரியும்.

கிளட்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்தது. பஸ்ஸை விட்டேன். சிவகிரி ரோட்டில் லாரிகளை எடை போடுகிற ஒரு எடைமேடையில் உட்கார்ந்த இடத்திலேயே பார்க்கிற வேலை கிடைத்தது. வேலை ஒத்துக்கொண்டது. பைக்கில் போகிற வழிதான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரே காற்று, எஞ்சின் இரைச்சல், என் நினைப்பு. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எத்தனை நாள் போவது? இயர்போன் மாட்டிப் பார்த்தேன். பின்னால் வந்த லாரி ஹாரன் காதில் விழாமல் பள்ளத்தில் இறங்கப் பார்த்தேன். போனைச் சட்டைப்பையில் போட்டுப் பாடவிட்டால் கொசு மாதிரி முனகியது.

என் மனைவி ஊருக்குள் ஒரு நைட்டி தைக்கிற யூனிட்டில் வேலை பார்க்கிறாள். காலையில் அவளை இறக்கிவிட்டுத்தான் நான் வேலைக்குப் போவேன். அதனால் அவளிடம் சொல்லாமல் பைக்கில் எதுவும் செய்ய முடியாது. வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவளிடம் மெல்ல ஆரம்பித்தேன்.

“ஏட்டி, பைக்ல ஒரு சப்வூஃபர் வைக்கலாம்னு இருக்கேன்.”

“வைங்க. நான் எங்கன உக்கார?”

“அது ஒனக்குப் பின்னால இருக்கும். நீ நடுவுல.”

“அப்போ முன்னால நீங்க கத்துவீங்க, பின்னால அது கத்துமா?”

இதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

கடையநல்லூரில் கார்களுக்கு ஆடியோ மாட்டுகிற கடை ஒன்று இருக்கிறது. கடைக்காரர் பல வருஷம் வளைகுடாவில் இதே வேலை பார்த்துவிட்டு வந்தவர். கையை விட வாய் வேகமாக ஓடும்.

“பைக்குக்கு முடியுமா?” என்று கேட்டேன்.

“என்ன அண்ணாச்சி இப்படிக் கேக்குதீங்க? அங்க ஒரு அரபி ஒட்டகத்துக்கே மாட்டச் சொன்னான். பேட்டரி வைக்க எடம் இல்ல, வேண்டாம்னுட்டேன்.”

நான் அவர் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். பின்னால் இருந்த கேரியரைக் கழற்றிவிட்டு இரும்புச் சட்டம் ஒன்றை வெல்டிங் வைத்தார். ப்ளைவுட்டில் பெட்டி அடித்து, ரெக்சின் சுற்றி, அதற்குள் வூஃபரைப் பின்பக்கம் பார்க்க உட்கார வைத்தார். சீட்டுப் பக்கம் உள்ள பலகையில், சாய்வதற்கு வாகாக ஸ்பாஞ்ச் ஒட்டினார். ஆம்ப்ளிஃபயர் சீட்டுக்கு அடியில் போனது. ஹேண்டில்பாரில் இரண்டு சின்ன ஸ்பீக்கர்கள். பழைய பேட்டரி தாங்காது என்று பெரியதாக ஒன்று மாற்றி, அதிலிருந்து தடித்த வயரை ஃபியூஸ் வழியாக இழுத்தார். “ஃபியூஸ் இல்லாம போட்டா ஒரு நாளைக்குப் பாட்டுக்குப் பதிலா பொகைதான் வரும்” என்றார்.

பைக்கை ஸ்டார்ட் செய்து பாட்டைப் போட்டோம். பாட்டோடு சேர்ந்து ‘ஙீ’ என்று ஒரு சத்தமும் வந்தது. ஆக்சிலேட்டரைத் திருகினால் அதுவும் சுருதி ஏறியது.

“அது எஞ்சின் பாடுது அண்ணாச்சி.”

“எஞ்சினப் பாட வேண்டாம்னு சொல்லுங்க.”

வயரை மாற்றினார், ஆம்ப்பைத் திருப்பி வைத்தார், போகவில்லை. டீ குடித்துவிட்டு வந்து குனிந்து பார்த்தவர் தலையில் அடித்துக்கொண்டார். எர்த் வயரைப் பெயிண்ட் மேலேயே வைத்து முடுக்கியிருந்தார். அந்த இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் வைத்து மறுபடி முடுக்கியதும் ‘ஙீ’ அடங்கியது. “ஒட்டகம்னா இந்தத் தொல்லை இல்ல. பெயிண்ட் கெடையாது பாருங்க” என்றார்.

பொழுது சாயும் நேரம் கிளம்பினேன். நான் போட்டது ஒரு பழைய மெலடி. புல்லாங்குழல் முன்னால் இருந்து வந்தது, தபலா முதுகில் வந்து இறங்கியது. பஸ்ஸில்கூட எனக்கு இப்படிக் கேட்டதில்லை. அங்கே வூஃபர் கடைசி சீட்டில், நான் முதல் சீட்டில். ஒரே ஒரு குறை, தபலா விழும்போதெல்லாம் ஹெட்லைட் மங்கி மங்கி எரிந்தது. எதிரே வந்த பஸ்காரர் நான் ஏதோ சைகை காட்டுகிறேன் என்று நினைத்துத் தானும் லைட்டை அடித்துக் காட்டிவிட்டுப் போனார்.

மனைவி பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். மறுநாள் ஷேர் ஆட்டோவில் போனாள். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். நான் தனியாகப் பாட்டுக் கேட்டுக்கொண்டு போனேன். சந்தோஷம்தான், ஆனால் பாதி சந்தோஷம்.

ஒரு நாள் தூறல் விழுந்தது, ஆட்டோ வரவில்லை. சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். நான் பயந்து பயந்துதான் பாட்டைப் போட்டேன். ரயில்வே கேட் வரைக்கும் அவளிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. திட்டுவதற்குள் நாமே குறைத்துவிடுவோம் என்று வால்யூமைக் குறைத்தேன். தோளில் ஒரு தட்டு விழுந்தது.

“எதுக்குக் கொறச்சீங்க?”

“நீ ஒண்ணும் பேசலியே…”

“கூட்டி வைங்க. முதுகுக்கு எதமா இருக்கு.”

நாள் முழுக்க மெஷினில் குனிந்து தைப்பதில் அவளுக்கு முதுகுவலி இருந்தது. தைல வாசனை வீட்டில் எப்போதும் உண்டு. ஆனால் சாய உட்கார்ந்தால் இப்படி ஒரு பெருமூச்சு வருகிற அளவுக்கு வலி என்று எனக்குத் தெரியாது. யூனிட் வாசல் வந்த பிறகும் இறங்கவில்லை. “இந்தப் பாட்டு முடியட்டும்” என்றாள். எஞ்சினை அணைக்காமல் நின்றேன்.

அன்றிலிருந்து பாட்டு அவள் கைக்குப் போய்விட்டது. என் மெலடி எதுவும் தேறவில்லை. “இதுல அடி பத்தாது” என்று தள்ளிவிட்டு, தன் போனை ப்ளூடூத்தில் இணைத்து, கொட்டும் உறுமியும் முழங்குகிற பாட்டாகத் தேடிப் போட்டாள். ராகம் முக்கியமில்லை, முதுகில் அடி விழ வேண்டும். சாயங்காலம் அவளைக் கூப்பிடப் போனால் கூட வேலை பார்க்கிற பெண்கள் தயாராக நின்றார்கள். ஒவ்வொருவராக ஏறிச் சாய்ந்து பார்த்தார்கள். “அக்கா, எனக்குக் கழுத்துதான் வலி, இதுக்குக் கொஞ்சம் மேல வைக்கக் கூடாதா?” என்று ஒரு பெண் கேட்டாள். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பெட்ரோல் குறைவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒரு நாள் காலை பஸ் ஸ்டாண்ட் பக்கம் போலீஸ்காரர் கையைக் காட்டினார். “என்ன அண்ணாச்சி, ஊருக்கேவா பாட்டு போடுதீங்க?”

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் இருந்து பதில் போனது. “முதுகுவலிக்கு சார்.”

அவர் பெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, “வலிக்குத் தைலம் தேயுங்கம்மா. சத்தத்தக் கொறச்சிட்டுப் போங்க” என்றார்.

அவள் அதற்கும் வழி கண்டுபிடித்தாள். “முன்னால உள்ள ரெண்டையும் அமத்திருங்க. பின்னால உள்ளது மட்டும் மெதுவா ஓடட்டும்.” அப்படியே செய்தேன். இப்போது நாங்கள் போனால் பாட்டே கேட்காது. வெறும் ‘டும் டும்’ மட்டும்தான். ஒர்க்ஷாப்பைத் தாண்டும்போது மெக்கானிக் ஓடிவந்து, “அண்ணாச்சி, எஞ்சின் போச்சு, உள்ள விடுங்க!” என்று கத்தினார். அவளை இறக்கிவிட்ட பிறகு, சிவகிரி ரோட்டில்தான் எனக்குப் புல்லாங்குழல். அந்த நேரத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாகக் கடையநல்லூர் போனோம். பெட்டி வலிக்கிற இடத்துக்கு நாலு விரல்கடை மேலே இருக்கிறதாம். கடைக்காரர் நட்டுகளைக் கழற்றி, பெட்டியை இறக்கி, கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டார். அவள் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். நான் எதிர்க்கடையில் டீயோடு நின்றேன்.

“இங்கனயாக்கா?”

“இன்னும் கொஞ்சம் கீழ.”

“இப்போ?”

“ரொம்பப் போயிட்டு. லேசா தூக்குங்க… ஆங், அங்கனதான். பாட்டப் போடுங்க, பாப்போம்.”

அவள் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்தாள். கடைக்காரர் என்னைப் பார்த்து, “அண்ணாச்சி, அந்த டீய அப்படியே வச்சிட்டு வந்து ஸ்பானர எடுங்க, எனக்குக் கை கடுக்குது” என்று கத்தினார்.